அம்மாவின் பிளேட்லெட்டும் ஊதா மூடிக் குழாயும்

அம்மாவுக்கு டெங்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

காய்ச்சலோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லேபின் கிளையில் இரத்தம் கொடுத்தோம். டெங்குவைக் கண்டுபிடிக்கிற என்எஸ்1 டெஸ்ட் நெகட்டிவ். ஆனால் இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் 42,000, குறைந்தது 150,000 இருக்க வேண்டியது. 2017இல் மட்டும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த நாட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? சொந்தக்காரர் எல்லோரும் பப்பாசி இலைச் சாறு என்று போனில் பிடித்துக்கொண்டார்கள்.

டொக்டர் மட்டும் அசையவில்லை. இரத்தம் தடிப்பதைக் காட்டும் பிசிவி ஏறவில்லை, இரத்தக்கசிவு இல்லை, அம்மாவோ எழும்பி நடமாடுகிறார். "ஸ்லைட் போட்டுப் பார்க்கட்டும், நீல மூடிக் குழாயிலும் ஒருக்கா எண்ணட்டும்" என்று துண்டு எழுதித் தந்தார்.

கூத்து அங்கேதான் தொடங்கியது. கவுண்டரில் இருந்த பிள்ளை துண்டைச் சரியாக வாசிக்கக்கூட இல்லை. "நீலம் இரத்தம் உறையிற டெஸ்டுக்கு அன்ரி, பிளேட்லெட்டுக்கு ஊதாதான்" என்று திரும்பவும் ஊதா மூடியிலேயே எடுத்தார். இந்தமுறை 35,000. தம்பி ஆஸ்பத்திரியில் கட்டிலே சொல்லி வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற மருந்து இருக்கும். சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு, அந்த மருந்து பட்டதும் குழாய்க்குள்ளேயே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உடம்புக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. மெஷின் பருமனைப் பார்த்து எண்ணுவதால் கட்டிகளைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. நேரம் போகப் போக ஒட்டல் கூடும், அம்மாவின் குழாயோ கிளையிலிருந்து பிரதான லேபுக்கு மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றிப் போயிருக்கிறது.

ஒருவழியாகச் சண்டை பிடித்து நீல மூடியில் எடுக்க வைத்தால், கோடு வரை நிரப்பவில்லை என்று பிரதான லேப் திருப்பி அனுப்பிவிட்டது. அதில் ஒரு பங்கு சிட்ரேட் திரவத்துக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேண்டும், குறைந்தால் கணக்குப் பிழைக்கும். பிறகு அம்மாவை ஆட்டோவில் ஏற்றி நேரே பிரதான லேபுக்கே போனோம். அங்கிருந்த வயதான டெக்னீசியன் சேர் உடனேயே எடுத்து, உடனேயே எண்ணினார்: 190,000. திரவம் கலந்திருப்பதால் 1.1ஆல் பெருக்க 209,000! ஊதாக் குழாய் இரத்தத்தில் போட்ட ஸ்லைடின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கட்டி கட்டியாகக் கிடந்ததையும் மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். மெஷின் முதல்நாளே "கட்டி இருக்கலாம்" என்று எச்சரித்திருக்கிறது, எங்களுக்குத் தந்த ரிப்போர்ட்டில் அந்த வரியையே காணோம்.

இதை வாசித்துவிட்டு 42,000ஐப் பார்த்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். டெங்குவில் எண்ணிக்கை உண்மையாகவே விழும், அதை டொக்டர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: ஸ்லைட் பார்த்தார்களா, மெஷின் ஏதும் எச்சரித்ததா, இரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் எண்ணினார்கள். சிலருக்கு நீல மூடியிலும் ஒட்டுமாம், அப்போது ஸ்லைட்தான் கைகொடுக்கும். அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இதை டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிட்டோம்.

இரண்டாவது ஊதாக் குழாய்க்குக் கட்டிய காசைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த டெஸ்டில் கழித்துவிடுகிறார்களாம்.