எழுபது வளைவுகளுக்கு முன்

ஜூலை 7, 2024, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அத்தை காலையிலேயே கேட்டுவிட்டார்: "கண்ணு, இந்த வருடமாவது வண்டி கோயில் வரைக்கும் போகுமா?"

போன வருடம் கொல்லிமலை ஏற்றத்தில் பாதி வளைவுகளைக்கூடத் தாண்டவில்லை. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்து ஆவி பீறிட்டது. எழுபது வயதுக்காரர் இரண்டு மணி நேரம் வெயிலில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தார். அறப்பளீஸ்வரரைப் பார்க்காமலே நாமக்கல் திரும்பினோம். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பா விட்டுச் சென்ற 1997 மாருதி 800 இது. வயதான வண்டி நின்றுபோவது விதி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஹோஸ் வெடிப்பதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் கிளிப் ஓரத்தில் கசிந்த கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பச்சைக் கறை காய்ந்து கிடந்தது. தினமும் பானட்டைத் திறந்திருந்தால் பார்த்திருப்பேன்.

ஜூலை 10, புதன்

இன்ஜின் ஆறிய பிறகு எல்லா ஹோஸையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ஹோஸ் அழுத்தினால் கெட்டியாகத் திருப்பித் தள்ளும். ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ் ஊறிய தோல் போல் நெகிழ்ந்தது. வளைத்தால் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. மாற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் துருநிறத் தண்ணீர். இது என் தவறு. குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். வீட்டுக் குடத்தில் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும்.

ஜூலை 14, ஞாயிறு

ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. மூடியையும் மாற்றச் சொன்னேன். உள்ளே அழுத்தம் நின்றால்தான் தண்ணீரின் கொதிநிலை நூறு டிகிரிக்கு மேல் உயரும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. பேன் பெல்ட்டின் உள்பக்கம் வெடித்திருந்ததால் அதுவும் புதிது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று முழுக்கப் பிரேக். ஏற்றத்தில் நின்றால் அவதி, இறக்கத்தில் பிரேக் போனால் உயிர். ஆகவே இந்த வேலையில் அவசரப்பட எனக்கு மனமில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகைப் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு 140 டிகிரிதான் உத்தரவாதம். மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடு ஏறி ஆயில் கொதிக்கும், குமிழி உண்டாகும். மிதி பஞ்சாய் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் எப்போது மாற்றினேன் என்று எந்தக் குறிப்பும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் இடது பின் சக்கரத்தில் தொடங்கினார். பழைய ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளில், உள்ளே தெரிகிற ஒரு டியூபை மாட்டிப் பாட்டிலில் விட்டார். நான் உள்ளே மிதித்துப் பிடிக்க, அவர் நிப்பிளைத் தளர்த்துவார், இறுக்குவார், "விடு" என்பார். முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பிறகு குமிழிகள். நான்கு சக்கரமும் முடியும்போது டியூபில் தேன் நிறம் தெளிந்திருந்தது. மிதி காலுக்கு அடியில் கல்லாய் நின்றது.

ஜூலை 28, ஞாயிறு

பேட்டரி: இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட். சரி.

டயர்களில் தரையைப் பிடிக்கும் பட்டன்கள் தேயவில்லை. ஆனால் ஸ்டெப்னியின் பக்கவாட்டில் 2313 என்று இருந்தது: 2013-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாவது வாரம். பதினோரு வருடமாக டிக்கியில் கிடந்தே ரப்பர் வெடித்திருக்கிறது. வேறு வாங்கினேன். ஜாக்கியையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

விடியற்காலையில் காரவள்ளி அடிவாரம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. மேலே போன பிறகும் பத்து நிமிடம் நிறுத்திக் கீழே குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு சொட்டு இல்லை.

அத்தை சாமியைப் பார்த்து வெகுநேரம் நின்றார்.

ஏறிய கியரிலேயே இறங்கினேன், பெரும்பாலும் இரண்டாவது. அடிவாரத்தில் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனேன். சூடு இருந்தது, கருகல் வாடை இல்லை. அத்தை பின்சீட்டில் பிரசாதப் பையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

வீடு வந்ததும் டேஷ்போர்டில் வைத்த நோட்டில் எழுதினேன்: பிரேக் ஆயில், 21.7.2024. அடுத்தது ஜூலை 2026.