வார்ப்புத் தண்ணீரும் காய்ச்சலும்: தக்கலை சைட் நாட்குறிப்பு

அக்டோபர் 6

முதல் மாடி மேல்தளம் நேற்று வார்த்தாயிற்று. இன்று காலை கலவையால் வரப்பு வைத்து, பாத்தி பாத்தியாக இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். பிபிசி (PPC, பொசலானா கலந்த) சிமென்ட் என்பதால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு, முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க நம் ஊர் வெக்கையில் 7 முதல் 10 நாள் போதும். கான்கிரீட் கேட்கும் நாள் முழுவதையும் கொசுவுக்கும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.

"நல்ல தண்ணியில எப்படி சார் கொசு வரும்?" என்றார் மேஸ்திரி. ஏடிஸ் தேடி வருவதே நல்ல தண்ணீரைத்தான். சாக்கடையில் பெருகுவது வேறு இனம்.

ஐந்தாம் நாள் காலை வரப்பை வெட்டிவிட்டு, துடைப்பத்தால் மூலை வரை தள்ளித் தண்ணீரை வெறும் மண்ணில் விழவிட வேண்டும். மண்ணில் விழுந்த கொசுப்புழு சாகும். கீழே திறந்து கிடக்கும் டிரம்மில் விழுந்தால் பிழைத்துக்கொள்ளும். வரப்பின் உட்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகுதான் புதுத் தண்ணீர் விட வேண்டும். முட்டை நீர்மட்டத்தை ஒட்டிச் சுவரில் இருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. காலி செய்து, தேய்த்து, திரும்ப நிரப்புவதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டால் கான்கிரீட்டுக்குக் கெடுதல் இல்லை. அதற்கு ஆள் கிடைக்காத சைட்டில் பாத்தி கட்டவே வேண்டாம். சாக்கு விரித்து, அது காயாதபடி நனைத்துக்கொண்டே இருப்பது மேல்.

பழைய எஞ்சின் ஆயிலை மேல்தளத்தில் ஊற்றக் கூடாது. ஆயில் ஊறிய இடத்தில் பூச்சு பிடிக்காது. பிளீச்சிங் பவுடரும் கூடாது; அதன் குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியை அரிக்கும்.

அக்டோபர் 8

சுற்றிப் பார்த்ததில் புழு இருந்த இடங்கள்: பாத்ரூமுக்காகத் தாழ்த்தி வார்த்த சங்கன் தளம், லிப்ட் குழி, கலவை மெஷினின் டிரம், மடங்கிக் கிடந்த தார்ப்பாய், பெயின்ட் வாளி, இளநீர்க் கூடு, சிரட்டை. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் சிரட்டைகளிலும் இருந்தது. தோட்டக்காரரிடம் சொல்லியாயிற்று.

பார்க்கும்போது நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. நிழல் பட்டதும் புழு அடிக்குப் போய்விடும். வெள்ளை மக்கைச் சாய்த்து ஒரே வீச்சில் கோரி வெயிலில் பிடித்தால் தெரியும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸாக இருக்கலாம். நீர்மட்டத்தோடு படுக்கை வசமாக மிதந்தால் மலேரியா பரப்பும் அனோபிலிஸ். இரண்டாவது வகையைக் கண்டால் அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 13

இரவெல்லாம் மழை. வாழைத்தோட்டத்தை ஒட்டிய அஸ்திவாரக் குழிகளில் முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்து முடிக்கும்வரை யாரையும் இறக்கவில்லை. தோட்டத்திலும் குளத்தங்கரையிலும் திரியும் எலியின் மூத்திரம் இந்தத் தண்ணீரில்தான் கலக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி கால் வெடிப்பு, சேற்றுப்புண், சிமென்ட் அரித்த தோல் வழியாக உள்ளே போகும். கொத்தனார் கையிலும் காலிலும் இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் இருக்காது.

கம்பூட் கட்டாயம். ஆனால் பூட்டுக்குள் தண்ணீர் போய்விட்டால் அது வெறுங்காலைவிட மோசம். நாள் முழுக்க ஊறிய தோல் இளகிவிடும். கழற்றிக் கவிழ்த்து, காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும். தொடர்ந்து சேற்றில் நிற்பவர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் கொடுப்பது உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

கெண்டைக்கால் வலி இந்த நோயின் முக்கிய அடையாளம். நாள் முழுக்கச் சாரம் ஏறி இறங்குகிறவர், வேலை அலுப்பு என்று அதை விட்டுவிடுகிறார். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மஞ்சள் காமாலை தெரியும்வரை காத்திருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். "பத்து நாளுக்குள்ள குழித் தண்ணியில நின்னேன்" என்று மருத்துவரிடம் தொழிலாளியே சொல்ல வேண்டும். இந்த ஒரு வரி தெரியாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று எண்ண இடமுண்டு.

அக்டோபர் 14

சென்ட்ரிங் பலகை ஆணி ஒருவர் காலில் ஏறியது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அழுக்குக் காயம் என்றால், கடைசி டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும்.

அக்டோபர் 18

ஒடிசாவிலிருந்து புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். வேலைக்கு இறக்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலேரியா ரத்தப் பரிசோதனை, இலவசம்தான். வைவாக்ஸ் வகை மலேரியா என்று வந்தால் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடுவதால் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் பதுங்கிய கிருமி சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்பி வரும், அதற்குள் ஆள் வேறு சைட்டில் இருப்பார். 14 நாளும் மாத்திரையை மேஸ்திரி கையால் கொடுத்து, வருகைப் பதிவேட்டிலேயே குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டெங்குவில் இதற்கு நேர்மாறான ஆபத்து. காய்ச்சல் விடும் நாளையொட்டித்தான் நிலைமை மோசமாகும். "சரியாயிட்டு சார்" என்று மூன்றாம், நான்காம் நாள் சாரம் ஏற வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும், கூலியைப் பிடிக்காமல். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குத் தாமதிக்காமல் போக வேண்டும். பாராசிட்டமால் தவிர, கடையில் வாங்கும் உடம்புவலி மாத்திரை வேண்டாம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் ரத்தக் கசிவைக் கூட்டும்.

அக்டோபர் 22

கிணற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது. 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கு. 5000 லிட்டர் தொட்டிக்கு 12.5 கிராம் நிறுத்து, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றினோம். ஒரு மணி நேரம் கழித்து குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் நிறமே வரவில்லை. கலங்கலில் உள்ள அழுக்கு குளோரினைத் தின்றுவிடுகிறது. வாய் திறந்து கிடந்த மூட்டையின் பவுடருக்கு வீரியமும் குறைவு. கலங்கல் தெளிந்த பிறகு புதுப் பொட்டலத்தில் போட்டதும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டியது. அதற்குப் பிறகே குடிக்கத் திறந்தோம்.

குடிதண்ணீர் டிரம் கழிப்பறையிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இங்கே மூன்றடிதான் இருந்தது. நகர்த்தி, மூடி போட்டு, குழாய் வைத்தாயிற்று. டம்ளரை உள்ளே விட்டுக் கோருவது இனி இல்லை.