கத்திரி அலகுக் குஞ்சை வளர்த்து ஆளாக்கிய அனுபவம்

எங்கள் இன்குபேட்டரில் பொரித்த கோழிக் குஞ்சுகளில் ஒன்றுக்கு அலகு கோணல். பொரித்த அன்று அது கண்ணில் படவே இல்லை. அலகு கொஞ்சம் நீண்ட பிறகுதான் தெரிந்தது. மற்றக் குஞ்சுகள் தட்டில் கொத்தி நிமிரும்போது தொண்டை அசையும். இது கொத்தும், நிமிரும், தொண்டை அசையாது. கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மேல் அலகு நடுவில் இருக்க, கீழ் அலகு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அப்போது அது மிக லேசான விலகல். அடுத்தடுத்த வாரங்களில் கத்திரிக்கோல் திறந்து நிற்பது மாதிரி ஆகிவிட்டது.

இதைப் படிக்கிற யாரிடமாவது இப்போது இப்படி ஒரு குஞ்சு இருக்கலாம். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலகு நேராகும் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் கோழியின் அலகு இன்றும் கோணல்தான். ஆனால் வயிறார சாப்பிடுகிறது, முட்டை இடுகிறது, வெயிலில் இறக்கையை விரித்துப் போட்டுப் படுக்கிறது. தீனியையும் தண்ணீரையும் அந்த அலகுக்கு எட்டும்படி மாற்றி வைத்ததால்தான் இது நடந்தது.

கோணல் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பது புரிந்த பிறகு எனக்குப் பாதிப் பதற்றம் போனது. அலகின் உள்ளே எலும்பு, அதன் மேல் கெரட்டின் உறை. நம் நகத்தைப் போலவே அந்த உறை வாழ்நாள் முழுக்க வளரும். நல்ல அலகில் மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசுவதாலும், தரையில் கொத்துவதாலும், கல்லில் தீட்டுவதாலும் வளர்ச்சி தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் சந்திக்காவிட்டால் உரசல் இல்லை. ஆளுக்கொரு பக்கமாக நீளும். நீள நீள விலகல் பெரிதாகத் தெரியும்.

காரணம் தேடியபோது ஒற்றை விடை கிடைக்கவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. சீனாவின் பெய்ஜிங்-யூ, சுவிட்சர்லாந்தின் அப்பன்செல் தாடிக்கோழி ஆகிய இனங்களில் இந்தக் குறையை வைத்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தாய்க்கோழியின் தீவனத்தில் ஃபோலிக் அமிலம், பயோட்டின் போன்ற வைட்டமின்கள் குறைந்தாலும், அடைகாக்கும் 21 நாளில் வெப்பம் ஏறி இறங்கினாலும், முட்டைக்குள் தலை தவறான இடத்தில் மாட்டிக்கொண்டாலும் அலகு கோணலாம். எங்கள் குஞ்சுக்கு எது காரணம் என்று கண்டுபிடிக்க வழி இல்லை. கூடப் பொரித்த எல்லாம் நன்றாக இருந்ததால் இன்குபேட்டர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மற்றக் குஞ்சுகளுக்குத் தொற்றுமோ என்ற பயமும் இருந்தது. அலாஸ்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து சிட்டு போன்ற சிறு காட்டுப் பறவைகளின் அலகு தாறுமாறாக நீள்வதையும், பின்னர் அதை ஒரு வைரஸோடு தொடர்புபடுத்தியதையும் படித்துவிட்டுக் கலங்கிப் போயிருந்தேன். கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். "அது வேற கதைங்க. இது வளர்ச்சியில வந்த குறை. ஒண்ணுகிட்ட இருந்து இன்னொண்ணுக்குப் போகாது. கூடவே விடுங்க" என்றார். தாடை எலும்பே சாய்ந்திருப்பதால் வெட்டினாலும் கட்டினாலும் நேராகாது என்றும் அவர்தான் சொன்னார். சிலர் அலகை டேப் போட்டுச் சேர்த்துக் கட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாய் திறக்க முடியாத குஞ்சு சாப்பிடாது, வெயில் நேரத்தில் வாய் பிளந்து மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கவும் அதனால் முடியாது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "அலகைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எடையைப் பாருங்க." எல்லா முடிவும் அதில்தான் இருந்தது. அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள். "ஒரு நோட்டுல தினமும் எழுதி வைடி. ஏறுதா இறங்குதான்னு அப்பத்தான் தெரியும்" என்று சமையலறைத் தராசை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பொரித்த குஞ்சு சாதாரணமாக 35 முதல் 40 கிராம் இருக்கும். தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, காலையில் தீனிக்கு முன்னால் குஞ்சை அதில் உட்கார வைத்து எடை எழுதினேன். ஒப்பிடுவதற்காக அதே அளவுள்ள இன்னொரு குஞ்சையும் நிறுத்தேன். நம் குஞ்சு பின்தங்கித்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எண் ஏறிக்கொண்டே போனால் போதும். ஏறாமல் நின்றால் உடனே தீனியைக் கவனிக்க வேண்டும், தொடர்ந்து இறங்கினால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சரி, தீனிக்கு வருவோம். இதில்தான் எனக்கு நேரம் அதிகம் போனது, பலனும் இங்கேதான் கிடைத்தது.

கோழி ஒரு மணியை அலகு நுனியில் இடுக்கிப் பிடித்து, தலையை உதறிப் பின்னால் தள்ளும். பிறகு நாக்கு அதைத் தொண்டைக்குக் கொண்டுபோகும். நுனி சந்திக்காத குஞ்சுக்கு இடுக்கிப் பிடிக்க வராது. அள்ள மட்டும் வரும். கீழ் அலகைக் கரண்டியாக்கி அள்ள வேண்டுமானால் தீனி ஆழமாக இருக்க வேண்டும். தட்டையான தட்டில் மெல்லிதாகப் பரப்பிய தீவனம் அதற்கு வெறும் படம்தான். நான் தட்டை எடுத்துவிட்டு அடி கனத்த, குறுகலான கிண்ணம் வைத்தேன். அலகு முழுக்க உள்ளே போகிற ஆழம் வரை நிரப்பினேன். கிண்ணத்தைத் தரையில் வைக்காமல் ஒரு மரக்கட்டை மேல் ஏற்றி, குஞ்சின் நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். தலை கீழே குனிந்தால் அள்ளியது வழிந்துவிடுகிறது. நெஞ்சு உயரத்தில் இருந்தால் அள்ளிய கையோடு நிமிர முடிகிறது. குஞ்சு வளர வளரக் கட்டையும் உயர்ந்தது.

தீவனம் மற்றக் குஞ்சுகளுக்குப் போடும் அதே ஸ்டார்டர்தான், அதாவது குஞ்சுகளுக்கான ஆரம்பத் தீவனம், புரதம் 20 சதவீதம் அளவில் உள்ளது. பாவப்பட்டு வேறு எதையாவது ஊட்டி ஊட்டிப் பழக்கினால் வயிறு நிறையும், சத்து சேராது. முட்டைக்கோழித் தீவனத்தையும் இந்த வயதில் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்துக்கு ஆகாது. ஸ்டார்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குழைவாகக் கொடுத்தேன். பதம் பிடிபட நாளானது. தண்ணீர் கூடினால் அலகிலிருந்து ஒழுகிவிடும், குறைந்தால் உதிரியாகச் சிந்தும். விரலால் எடுத்துச் சாய்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் சரியான பதம். உலர்ந்த தீவனமும் பக்கத்தில் ஒரு ஆழக் கிண்ணத்தில் எப்போதும் இருந்தது. அதிலும் முயன்று பழகட்டும் என்றுதான்.

ஈரத் தீவனத்தில் ஒரு ஆபத்து உண்டு. சீக்கிரம் புளித்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை, ஒவ்வொரு முறையும் கழுவிய கிண்ணத்தில் கொடுத்தேன். வெக்கை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் விட்டுவைக்கவில்லை.

உள்ளே எவ்வளவு போனது என்பதைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாதி வெளியேதான் கிடக்கும். கழுத்தடியில், குஞ்சின் வலப்பக்கம் சாய்ந்தாற்போல இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவு அடையும்போது அது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும், விடியும்போது காலியாக இருக்க வேண்டும். காலையிலும் தண்ணீர்ப் பை மாதிரி தொளதொளவென்று இருந்து, வாயில் புளித்த வாடையும் வந்தால் பை கெட்டுவிட்டது என்று பொருள். இரவில் காலியாக இருந்தால் படுக்க விடாமல் இன்னொரு முறை தீனி வைப்பேன். மற்றவை எல்லாம் அடைந்து, போட்டி இல்லாத அந்த நேரத்தில்தான் அது நிதானமாக நிறையச் சாப்பிட்டது.

தண்ணீருக்கும் அதே கணக்குத்தான். கோழியால் உறிஞ்ச முடியாது. அள்ளி, தலையை அண்ணாந்து இறக்க வேண்டும். அலகால் முட்டினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் நிப்பிள் குழாய் இதற்குச் சரிப்படவில்லை. ஆழமான சிறு குவளையில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தேன். அலகு முங்கும், குஞ்சு முங்காது. சொட்டு மருந்து மாதிரி வாய்க்குள் தண்ணீர் விடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது, தப்பினால் நுரையீரலுக்குப் போய்விடும். குழாய் வழியாகப் பைக்குள் ஊட்டுவதை மருத்துவர் கைப்பிடித்துக் காட்டிக் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் முகம் துடைப்பது தினசரி வேலையானது. வாய் முழுதாக மூடாததால் தீவனம் அலகின் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் அப்பிக் காய்ந்துவிடும். அப்படியே விட்டால் அடியில் தோல் புண்ணாகும். ஈரத்துணியால் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும். பிய்க்கக் கூடாது.

அலகைச் செதுக்குவது பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் தடவை மருத்துவர் செய்ய, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு நானே செய்கிறேன். அலகுக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. நுனியில் உயிர் இல்லாத கொஞ்சப் பகுதியை மட்டும்தான் எடுக்கலாம். வெளிர் நிற அலகு என்றால் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ரத்தம் ஓடும் இடம் சிவப்பாகத் தெரியும். எங்கள் கோழிக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு. கறுத்த அலகாக இருந்தால் வெட்டவே வேண்டாம், நக அரத்தால் தேய்த்துத் தேய்த்து நிறுத்துவதுதான் பத்திரம். நானும் பெரும்பாலும் அரம்தான் வைத்திருக்கிறேன். ரத்தம் வந்தால் சோளமாவை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் ஒரு சிட்டிகை பக்கத்திலேயே இருக்கும்.

பிடிக்கும் விதம் முக்கியம். துணியில் சுற்றி, இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடிக்கலாம், நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் சத்தம் போடாமலேயே மூச்சு முட்டிப் போய்விடும். செதுக்கிய பிறகு எப்படி இருக்கிறது என்பதைத் தீனி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அள்ளுவது எளிதாகியிருந்தால் போதும். அழகுக்காக இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

யாரும் முன்கூட்டி எச்சரிக்காத ஒரு விஷயம் பேன். மேல் அலகின் நுனி கீழ் அலகைத் தாண்டிச் சற்று வளைந்திருப்பது இறகு கோதும்போது பேனைப் பிடித்து நசுக்கத்தான் பெரிதும் உதவுகிறது. கோணல் அலகுக்கு அது முடியாது. இறகும் பொலிவில்லாமல் கலைந்தே இருக்கும். ஆசனவாயைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் இறகை விலக்கிப் பார்ப்பதை வாராந்திரப் பழக்கமாக வைத்திருக்கிறேன். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது முட்டை. மருந்து பேனைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி போட வேண்டும். மண் குளியலுக்கு உலர்ந்த மண் எப்போதும் இருக்கட்டும், அதற்கு அலகு தேவையில்லை.

தனியாகப் பிரித்து வளர்க்கலாமா என்று நிறைய யோசித்தேன். தனிமையில் குஞ்சு ஓயாமல் கத்துகிறது, சாப்பாடும் குறைகிறது. மற்றவை கொத்துவதைப் பார்த்தால் அதுவும் கொத்துகிறது. அதே நேரம், ஆறேழு வாரத்தில் யார் பெரியவர் என்ற சண்டை தொடங்கும்போது எடை குறைந்த குஞ்சுதான் அடி வாங்கும். பகலெல்லாம் கூட்டத்தோடு விட்டு, தீனி வேளைக்கு மட்டும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எடுத்துக்கொண்டேன். எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடியே சாப்பிட்டன. பின்னால் வலையை எடுத்தபோது பெரிய தகராறு எதுவும் வரவில்லை.

எல்லாக் குஞ்சுக்கும் இது வாய்க்காது. மேல் கீழ் அலகு முழுக்கப் பிரிந்து, நாக்கு வெளியே கிடந்து காய்ந்து, ஆழக் கிண்ணம் வைத்தும் எடை இறங்கிக்கொண்டே போகிற குஞ்சு பசியில் சாகும். அந்த நிலையில் மருத்துவரிடம் கொண்டுபோய் வலியில்லாமல் விடைகொடுப்பதைக் கொடுமை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு எடை ஏறியது, அதனால் தொடர்ந்தோம்.

இப்போது அது வளர்ந்த பெட்டைக்கோழி. கூடப் பொரித்தவற்றைவிட உடம்பு சிறியது, முட்டை இட ஆரம்பித்ததும் அவற்றுக்குப் பிறகுதான். ஊறவைத்த தீவனம் காலை மாலை இரண்டு வேளை, இடையில் உலர்ந்த குருணைத் தீவனம் ஆழக் கிண்ணத்தில். அரம் இன்னும் ஓயவில்லை, இனியும் ஓயாது. அதன் முட்டைகளைச் சாப்பிடுகிறோம், அடைவைப்பதில்லை. அதைத் தந்த சேவலையும் பெட்டையையும்கூட இப்போது வேறு வேறு கூண்டில்தான் விட்டிருக்கிறோம்.