தம்பியின் ஹெபடைடிஸ் சி சிகிச்சை: எங்கள் அலைச்சல்

என் தம்பி போதை ஊசி போட்டுக்கொண்டிருந்தவன். அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி.க்கு ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனை சுலபமாக முடிந்தது. இல்லை என்று வந்தது. ரத்தத்தின் வழியே பரவி ஈரலைத் தாக்கும் வைரஸான ஹெபடைடிஸ் சி-யும் பார்த்துவிடச் சொன்னார் ஆலோசகர். "யார் ஊசியையும் நான் வாங்கிப் போட்டதில்லைக்கா" என்று சாதித்தான் தம்பி. ஊசி அவனுடையதுதான். ஆனால் மருந்து கரைத்த மூடி, தண்ணீர், பஞ்சு எல்லாம் பொது. ஒருவரின் ஊசி நுனியில் இருக்கும் துளி ரத்தம் அதில் கலந்தாலே போதுமாம். பாசிட்டிவ் வந்தது.

ஆஸ்பத்திரியில்தான் அடி. சீட்டைப் பார்த்த ஊழியர் வரிசை முழுக்கக் கேட்கும்படி "ஊசி கேஸா?" என்றார். தம்பி அப்படியே வெளியே போய்விட்டான். இன்னொரு நாள் வேறொருவர், "பழக்கத்தை விட்டதுக்கு சர்டிபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் மாத்திரை" என்றார். யாரும் இதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். ஊசியை இன்னும் விடாதவர்களுக்கும் சிகிச்சை தரவேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனை, மாத்திரை இரண்டும் இலவசம்.

புது சிரிஞ்ச் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் ஒருவர் கூடவே வந்தார். கவுன்டரில் நிற்காமல் நேராக அந்தத் திட்டத்தின் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் தம்பியை உட்காரவைத்துப் பேசினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகும் ஒரு தடங்கல். முதல் சோதனை வைரஸ் எப்போதாவது தொற்றியதற்கான தடயத்தை மட்டும்தான் காட்டும். அது போதாது, ரத்தத்தில் இப்போது எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்கிற வைரல் லோடு பார்த்தால்தான் மாத்திரை. தம்பி பெயர் ஆதாரில் ஒரு எழுத்து, லேப் சீட்டில் வேறு எழுத்து. ரிசல்ட்டைத் தர மறுத்துவிட்டார்கள். ரத்தம் கொடுக்கும்போதே பெயரைச் சரிபாருங்கள்.

12 வாரம் சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர். பெரிய தொந்தரவு இல்லை. கூடவே போதை ஊசிக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கத் தரும் புப்ரினார்பின் மாத்திரைக்கும் தினமும் போனான். ஊசி நின்றது அதனால்தான்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த சோதனையில் வைரஸ் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். குணமான பிறகும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரியில் கேட்டால் இதைத்தான் நீட்டவேண்டும். திரும்பத் தொற்றவும் வாய்ப்பு உண்டு, தடுப்பூசி கிடையாது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097-க்குப் போன் செய்து நம்பிக்கை மையத்தைக் கேளுங்கள், காசில்லை.