பெருங்காய டப்பா: சான் சதுர்னி, ஸ்பெயின், 2024

ஜனவரி 16
இன்றும் பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் தெரியவில்லை.

ஜனவரி 18
பிப்ரவரி 10 சனிக்கிழமை பதினாலு பேர் வருகிறார்கள். 2020 அறுவடையின் காவா (இந்த ஊர்ப் பக்கத்து நுரை ஒயின்), அதோடு சாப்பிடச் சில தட்டுகளும். நான்தான் சுவைத்துக் காட்டி விளக்க வேண்டும். மூக்கு வேலை செய்யவில்லை என்று யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். குமிழி உடையும் சத்தம் காதில் விழுகிறது. புளிப்பு தெரிகிறது. விழுங்கிய பிறகு ஷரெல்லோ திராட்சைக்கே உரிய அந்த மெல்லிய கசப்பு அடிநாக்கில் தங்குகிறது. ஆனால் சோம்பு எங்கே? வைக்கோல், வறுத்த பாதாம் எல்லாம் எங்கே போயின?

ஜனவரி 21
தூக்கம் வரவில்லை. 2020 பற்றியே நினைப்பு. அந்த வருஷம் பெனெதெஸ் வட்டாரத்தில் வசந்தம் முழுக்க மழை. கொடிகளில் அடிச்சாம்பல் நோய் பரவிவிட்டது. இயற்கை முறையில் வளர்ப்பவர்களுக்குத் தாமிரமும் கந்தகமும்தான் கையில் இருந்த மருந்து. அடித்த தாமிரத்தை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும், திரும்ப அடிக்க வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு: ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோதான். பச்சைக் குலைகள் கருகி உதிர்ந்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். தப்பித்த கொஞ்சத்தைக் கையால் பறித்து, 2021 வசந்தத்தில் பாட்டிலில் அடைத்தோம். அன்றிலிருந்து முப்பது மாசத்துக்கும் மேலாக ஈஸ்ட் வண்டலோடு இருட்டில் கிடந்தது. பாட்டில் கழுத்தை உறைய வைத்து வண்டலை வெளியே தள்ளியபோது சர்க்கரை துளியும் சேர்க்கவில்லை. இப்படிச் சர்க்கரை சேர்க்காததற்குப் பெயர் ப்ரூட் நேச்சர். குறை இருந்தால் மறைக்க இதில் எதுவும் கிடையாது.

இத்தனை பாடுபட்டு வந்ததை மோந்து பார்க்க எனக்கு மூக்கில்லை.

ஜனவரி 24
அம்மா போன். "மூக்கு வந்துச்சா கண்ணு? மிளகு ரசம் வச்சுக் குடி." வைத்தேன். தொண்டை எரிந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 28
கல்சோட் விருந்து. நீளமான வெங்காயத்தாளைத் திராட்சைச் சுள்ளி நெருப்பில் கரியாகச் சுட்டு, செய்தித்தாளில் சுற்றி வைத்துத் தந்தார்கள். புகை கண்ணைக் கரித்தது, வாசனை மட்டும் இல்லை. கரித்தோலை உருவி, சாஸில் முக்கி, அண்ணாந்து வாயில் விட்டேன். பாதாமும் எண்ணெயும் நாக்கில் படலமாக ஒட்டிக்கொண்டன. ஒரு வாய் காவா. குமிழியும் புளிப்பும் சேர்ந்து அத்தனையையும் துடைத்துவிட்டன! அடுத்த வாய்க்கு நாக்கு புதுசாக நின்றது. மூக்கு நன்றாக இருந்த நாளில் இதை இவ்வளவு தெளிவாகக் கவனித்ததே இல்லை.

பிப்ரவரி 1
பார்சலோனா பகுதிக்கு வறட்சி அவசரநிலை அறிவித்துவிட்டார்கள். மேஜையில் மழை வருஷத்துப் பாட்டில்.

பிப்ரவரி 4
தட்டு ஒத்திகை. ஷாத்தோ என்கிற சாலட்தான் நடுநாயகம்: கசப்புக் கீரை எஸ்கரோலா, உப்புக்கண்டக் காட் மீன், நெத்தலி, சின்ன ஆலிவ், மேலே ஞோரா மிளகாயும் பாதாமும் அரைத்த சாஸ். முதல் தடவை சாஸில் வினிகர் தூக்கலாகிவிட்டது, காவா தண்ணீர் மாதிரி போனது. பாதியாகக் குறைத்ததும் சரியாக வந்தது. நெத்தலியின் உப்பு படும்போது புளிப்பு அடங்குகிறது. கீரையின் கசப்பும் ஷரெல்லோவின் கசப்பும் கைகோத்துப் போகின்றன.

கடைசியில் சாக்லேட் வைக்கலாம் என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். இனிப்பு தின்ற வாயில் இந்தக் காவா வெறும் எலுமிச்சைச் சாறு. அதற்குப் பதிலாக ஆட்டுப்பால் சீஸ் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 7
டப்பாவைத் திறந்ததும் ஒரு நொடி ஏதோ. பெருங்காயமா, அதன் ஞாபகமா? மூடித் திரும்பத் திறந்தேன். இல்லை.

பிப்ரவரி 9
காவா நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் மூக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அகன்ற கிளாஸ் ஒன்றை எடுத்து ஊற்றினார், ஒல்லிக் கிளாஸ் அவருக்குப் பிடிக்காது. மோந்து மோந்து ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். சோம்பு. வறுத்த பாதாம். ரொட்டி மேலோடு. சோம்பை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பிப்ரவரி 10
காலை 7:40. பதினாலு கிளாஸும் துடைத்தாயிற்று. பாட்டில்கள் ஐஸில். எஸ்கரோலா இன்னும் வரவில்லை.