நான்கு கால்களும் தரையைத் தொடும் வரை

ஜனவரி 11

160 ஆம்பியர் வரை தரும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் பெட்டியிலேயே வைத்திருந்து, இன்றுதான் துணிந்து இணைப்புக் கொடுத்தேன். வீட்டுக்குப் பயன்படும் பொருள்களைச் செய்தே இத்தொழிலைக் கற்பது என்பது தீர்மானம். முதல் இலக்கு ஓர் ஆடாத இருக்கை.

உருகி இணைப்பாகப் படியும் வெல்டிங் ராடு இ6013 வகையைச் சேர்ந்தது. முதல் இரு இலக்கங்கள் பற்றின், அதாவது பற்றவைத்த இணைப்பின், இழுவலிமையைச் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்று குறிக்கின்றன. அடுத்துள்ள 1, கிடைமட்டம், செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதைச் சொல்கிறது. இவ்வளவு தெரிந்துகொண்டும் என்ன பயன்? ராடு இரும்புப் பட்டையில் ஒட்டிக்கொண்டு சிவக்கத் தொடங்கியபோது, ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டரைப் பக்கவாட்டில் முறுக்கிப் பிரிக்க வேண்டும், பிரியாவிட்டால் ஹோல்டரின் பிடியைத் தளர்த்தி ராடை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது பதற்றத்தில் நினைவுக்கு வரவேயில்லை. பதினோரு முறை ஒட்டியது. தீக்குச்சியை உரசுவதுபோல் உரசி, பொறி எழுந்த கணமே ராடின் தடிமன் அளவுக்குத் தூக்கிப் பிடித்தால் மின்வில், அதாவது ராடுக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி, நிலைக்கிறது என்பது மாலையில்தான் கைக்குப் புரிந்தது.

ஜனவரி 18

2.5 மி.மீ. ராடுக்கு 70 ஆம்பியரில் உருகிப் படிந்த கோடு குவிந்து கயிறுபோல் பட்டையின் மேலே கிடந்தது. 85 ஆம்பியரில் படிந்து, ஓரங்கள் இரும்போடு கலந்தன. ராடைத் தூரமாகப் பிடித்தால் ஓசை கரகரத்துத் துளிகள் சிதறுகின்றன. நெருக்கமாகப் பிடித்தால் தகரக் கூரையில் சீரான சாரல் விழுவதுபோல் கேட்கிறது. ஆகவே இப்போது கண்ணைவிடக் காதையே அதிகம் நம்புகிறேன்.

இன்றைய பெரிய பாடம் சுத்தியலிடமிருந்து கிடைத்தது. இரண்டு பட்டைகளை 'ட' வடிவில் ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, மேலே உறைந்த கசடைத் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தபோது கோடு அழகாக மின்னியது. இடுக்கியில் மாட்டி ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் பிரிந்தது. பிரிந்த முகத்தில், ஆலையிலிருந்து வந்தபோது இரும்பின் மேலிருந்த கருந்தோல் உருகாமல் அப்படியே இருந்தது. அதாவது உருகிய உலோகம் முழுவதும் மேல் பட்டையில்தான் படிந்திருந்தது. கீழ்ப்பட்டையின் மீது வெறுமனே சாய்ந்திருந்தது. இனி ஒவ்வொரு புதிய வகை இணைப்பையும் முதலில் செய்து உடைத்துப் பார்க்காமல் பொருளில் போடுவதில்லை. பற்றவைக்கும் இடத்தைக் கிரைண்டரால் வெள்ளையாகத் தேய்க்காமல் தொடுவதுமில்லை.

ஜனவரி 26

நேற்று ஒரே ஒரு பொட்டு, அதாவது துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு பற்று, வைப்பதற்காக முகமூடியைக் கீழிறக்கச் சோம்பல்பட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடுவதற்கு முன்பே பொறி எழுந்துவிட்டது. இப்படி நான்கைந்து முறை. அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் இமைக்குள் மணலைக் கொட்டியதுபோல் விழித்தேன். விளக்கைப் பார்க்க முடியவில்லை. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டிருக்கிறது என்றும், சில மணி நேரம் கழித்தே வலி தொடங்குவது இதன் இயல்பு என்றும் மருத்துவர் விளக்கினார். சட்டையின் மேல் பொத்தானைப் போடாததால் கழுத்தும் வெயிலில் வெந்ததுபோல் சிவந்திருக்கிறது.

பிப்ரவரி 8

கண் சரியாகி, 3 மி.மீ. தடிமனுள்ள எல் ஆங்கிளில் ஒரு பூந்தொட்டித் தாங்கி செய்தேன். தடித்த இரும்பு கற்பவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 16

இருக்கை முடிந்தது, ஆடுகிறது.

25 மி.மீ. ஸ்கொயர் பைப்பில் 300 மி.மீ. பக்கமுள்ள சட்டம், 450 மி.மீ. உயரக் கால்கள் நான்கு. நான்கையும் ஒன்றாக வைத்து அளந்து வெட்டியிருந்தேன், நீளத்தில் தவறில்லை. ஆனால் முதல் மூலையை முழுதாகப் பற்றவைத்து, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று போனேன். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது தான் படிந்திருக்கும் பக்கமாக இரும்பையும் இழுக்கிறது. மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்திய கால் என் கண்ணெதிரிலேயே உட்பக்கம் சாய்ந்திருக்கிறது. முகமூடிக்குள் இருந்த நான்தான் கவனிக்கவில்லை. அம்மா உட்கார்ந்து பார்த்து, "ஊஞ்சல்னு முதல்லயே சொல்லியிருந்தா கயிறு கட்டியிருப்பேனே" என்றார்.

மூன்று கால்களோடு செய்திருந்தால் எந்தத் தரையிலும் ஆடாது என்பது உண்மைதான். ஆனால் அது தப்பிக்கும் வழி.

பிப்ரவரி 23

எல்லா இணைப்புகளையும் கட்டிங் வீலால் அறுத்து, முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை சட்டத்துக்கு மூலைக்கொரு பொட்டு மட்டும் வைத்து மூலைவிட்டங்களை அளந்தேன்: ஒன்று 422 மி.மீ., மற்றொன்று 426 மி.மீ.க்குச் சற்று மேல். 300 மி.மீ. சதுரத்துக்கு இரண்டும் ஏறத்தாழ 424 ஆக இருக்க வேண்டும். நீளமான மூலைவிட்டத்தின் முனையில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி இரண்டையும் சமமாக்கினேன். பொட்டு மட்டும் வைத்திருந்ததால் இது முடிந்தது. முழுப் பற்று போட்டிருந்தால் மறுபடி அறுவைதான்.

பிறகு சட்டத்தைச் சமமான கற்பலகையில் கவிழ்த்து, கால்களைப் பொட்டு வைத்து, குறுக்குக் கம்பிகளையும் அவ்வாறே பொருத்திய பின்புதான் முழுப் பற்றுக்குப் போனேன். ஒரு மூலையில் சிறிது, எதிர் மூலையில் சிறிது என்று மாற்றி மாற்றி, இடையில் கையால் தொடும் அளவுக்கு ஆறவிட்டு. ஒரு மணி நேர வேலை ஒரு முழு நாளைத் தின்றது. ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இறங்கியிருக்கிறது.

மார்ச் 9

அந்த மிச்ச ஆட்டத்துக்காக ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு நட்டைப் பற்றவைத்து, போல்ட்டைத் திருகி உயரம் மாற்றும்படி செய்ய முடிவெடுத்தேன். கையில் இருந்த நட்டுகள் துத்தநாகம் பூசியவை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். எனவே இரும்பு உருகுவதற்கு முன்பே வெண்புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சில்லாத நட்டுகளைத் தேடி வாங்கினேன்.

மைத்துனன் ஒரு பழைய டீசல் டிரம்மைக் கொண்டுவந்து, பாதியாக அறுத்துத் தரச் சொன்னான். மறுத்தேன். "காலி டிரம்தானே மாமா?" என்றான். காலியாகத் தெரியும் டிரம்முக்குள் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பூச்சு சூட்டில் ஆவியாகும். அந்த ஆவியும் காற்றும் கலந்தால் ஒரு பொறியே போதும், டிரம் வெடிக்கும். ஏணி, தலைக்கு மேல் தொங்கும் தட்டு ஆகியவற்றையும் இப்போதைக்கு ஏற்பதில்லை. என் பற்று உடைந்தால் விழப்போவது நானாக மட்டும் இருக்க வேண்டும்.

மார்ச் 22

துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடைப் பூசும்போது ஒரு காலின் மேற்புறத்தில் ஊசித்துளை ஒன்று தெரிந்தது. மூடி மறைக்க மனமில்லாமல் சுரண்டி, மறுபடி பற்றவைத்து, மறுபடி பூசினேன். மாலையில் அம்மா உட்கார்ந்தார். இடது பின்காலில் இன்னும் மெல்லிய தட்டல் கேட்டது. அவரை எழுப்பாமலே குனிந்து அந்தப் போல்ட்டை அரைச் சுற்று திருகினேன். தட்டல் நின்றது.