மின்கிட்டாருக்கு மரமும் பசையும்: ஒரு நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 4

எந்த வடிவத்தில் செய்வது என்பதை இன்று முடிவு செய்தேன். 1950இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த, பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர்பெற்ற தட்டையான உடல்தான் முதன்முறை செய்பவனுக்கு ஏற்றது. அதில் கழுத்து, அதாவது இடக்கை பிடிக்கும் நீண்ட பகுதி, நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்படுகிறது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் கழுத்தைப் பசையிட்டுப் பொருத்துவார்கள். பசை காய்ந்த பிறகு கோணம் தவறியதைக் கண்டுபிடிக்கும் துணிச்சல் எனக்கில்லை. உடலின் தடிமன் ஒன்றே முக்கால் அங்குலம், தச்சர் கணக்கில் பதினான்கு நூல்.

பிப்ரவரி 11

இந்த வடிவத்துக்கு முதலில் ஆஷ், பின்னர் ஆல்டர் ஆகிய மரங்களைப் பயன்படுத்தினார்கள். சென்னையில் நான் போன மரக்கடையில் இரண்டும் இல்லை. தேக்கு, மகோகனி, பலா, மலைவேம்பு ஆகியவை இருந்தன. மலைவேம்பு எடை குறைவானது, ஆனால் நகம் பட்டாலே தடம் விழுகிறது. உடல் முழுவதையும் தேக்கில் செய்தால் தோள் வலிக்கும். மின்கிட்டாரில் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள்தான் வாங்குகிறது என்பதால், மரத்தின் 'ஒலி' பற்றிய முடிவில்லா விவாதத்தை ஒதுக்கிவிட்டு, எடை, உலர்வு, வளையாத தன்மை ஆகிய மூன்றை மட்டும் பார்த்தேன்.

இறுதியில் பலாவை எடுத்தேன். தஞ்சாவூர் வீணையின் குடத்தைப் பலாவில்தான் குடைகிறார்கள். ஆகவே குடைவதற்கும் வழவழப்பாக இழைப்பதற்கும் அது இடம்கொடுக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கடையிலிருந்த ஆசாரி பலகையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஈரம் இருக்கு தம்பி, இப்பவே ஒட்டினா ஒட்டு வாய் பிளந்துடும்" என்றார். 45 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமனில் இரண்டு பலகைகள், சேர்ந்து 4.86 கிலோ.

மார்ச் 17

ஈரமானி வாங்கவில்லை. பலகைகளுக்கிடையே குச்சிகளை வைத்து, காற்று எல்லாப் பக்கமும் படுமாறு மின்விசிறியின் கீழ் அடுக்கி, வாரந்தோறும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிவந்தேன். கடந்த இரு வாரங்களாக 4.62 கிலோவிலேயே நிற்கிறது. இந்த வீட்டின் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது என்பதே எனக்கு வேண்டிய செய்தி. கன அளவால் வகுத்தால் ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 0.6 கிராம், அறுத்துக் குடைந்த பின் உடல் 2.7 கிலோவை ஒட்டி நிற்கும். ஆல்டரைவிடக் கனம்தான், ஏற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 24

கருவிகளில் புதிதாக வாங்கியவை மூன்றே: மரத்தைக் குடையும் கையடக்க ரூட்டர், மேற்பகுதியில் பேரிங் பொருத்திய வெட்டுமுனை, ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) பள்ளம் வெட்டும் மெல்லிய ரம்பம். மூன்றாவதில் கஞ்சத்தனம் கூடாது. ஃப்ரெட் கம்பியின் அடித்தண்டு சுமார் 0.5 மி.மீ.; அதற்கு 0.6 மி.மீ. வெட்டு வேண்டும். இரும்பறுக்கும் ஹேக்சா அதைவிட அகலமாகத் திறந்துவிடும், பிறகு ஃப்ரெட்டுகள் பிடிப்பின்றி எழும்பும். நீண்ட இழைப்புளியை ஆசாரியிடம் இரவல் வாங்கினேன். அதைச் சாணைக்கல்லில் தீட்டவே ஒரு முற்பகல் போயிற்று.

இரு பலகைகளின் விளிம்புகளையும் ஒருசேர இழைத்து, விளக்கின் முன் பிடித்து, ஒளிக்கீற்று எங்கும் கசியாதவரை திருத்திய பின் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். கம்பிகளின் இழுவை இந்த ஒட்டின் போக்கிலேயே நீளவாக்கில் செல்கிறது, அதைப் பிரிக்கும் திசையில் அல்ல. எனவே இங்கே விலையுயர்ந்த பசை வீண்செலவு. கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி ஒட்டு வறண்டுவிடும் என்பதால், விளிம்பு நெடுகச் சிறு மணிகளாகப் பசை எட்டிப்பார்த்ததும் நிறுத்தினேன்.

ஏப்ரல் 7

கழுத்துக்குக் கடின மேப்பிள் கிடைக்காத நிலையில், இடித்த வீடொன்றின் தேக்கு நிலைச்சட்டம் கிடைத்தது. விறைப்பில் தேக்கு மேப்பிளுக்கு அண்மையானது. மூன்று பட்டைகளாக அறுத்து, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினேன். ஒன்று வளைய முயன்றால் மற்றவை தடுக்கும். அறுப்பதற்கு முன் காந்தத்தை நெடுகத் தடவியதில் முறிந்த ஆணிகள் இரண்டு அகப்பட்டன. தேக்கிலுள்ள எண்ணெய் பசையை விலக்கும். இழைத்த உடனே அசிட்டோனால் துடைத்து, தாமதமின்றி ஒட்ட வேண்டும். அதிலுள்ள சிலிக்காவோ உளியின் கூரைத் தின்றுவிடுகிறது.

ஏப்ரல் 21

கழுத்தின் மேல் ஒட்டி ஃப்ரெட்டுகளைப் பதிக்கும் விரற்பலகைக்கு எந்தப் பசை என்பதுதான் என்னை மிகவும் அலைக்கழித்த கேள்வி. பத்து முதல் நாற்பத்தாறு வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில் தடிமன்) கம்பித்தொகுதி, 648 மி.மீ. அதிரும் நீளத்தில் ஏறத்தாழ 46 கிலோ விசையுடன் கழுத்தை ஓயாமல் முன்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. கழுத்து வளையும்போது விரற்பலகை அதன்மேல் நழுவப் பார்க்கும்; அந்த நழுவலைத் தாங்குவது இந்த ஒட்டுதான். வெள்ளைப் பசை நீடித்த இழுவையில் மெல்ல நகரும். மேலும் அதிலுள்ள நீர் மெல்லிய பலகையின் ஒரு முகத்தை மட்டும் உப்பச்செய்து கழுத்தையே பின்னோக்கி வளைக்கும்.

தேக்குத் துண்டுகளை மூன்று பசைகளால் ஒட்டி, செங்கல்லைக் கட்டி, மொட்டைமாடித் தகரத்தின் கீழ் நான்கு நாள் தொங்கவிட்டேன். வெள்ளைப் பசை அரை மி.மீ. நகர்ந்தது. ஐந்து நிமிடத்தில் இறுகும் எப்பாக்சியும் (இரண்டு திரவங்களைக் கலந்து இடும் பசை) வெயிலில் தளர்ந்து இறங்கியது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. மெதுவாக இறுகும் எப்பாக்சி அசையவில்லை.

ஏப்ரல் 28

ஈட்டி மரத்து விரற்பலகையை அந்த எப்பாக்சியால் ஒட்டினேன். முதல் முயற்சியில் கிளாம்பை இறுக்கியதும் பலகை எண்ணெயில் வழுக்குவதுபோல் பக்கவாட்டில் ஒரு மி.மீ. நகர்ந்தது. எப்பாக்சி இறுகுமுன் பிரித்துத் துடைத்து, ஃப்ரெட் பள்ளங்களுக்குள் இரண்டு மெல்லிய ஆணிகளை அடித்து இருப்பிடத்தை நிலைப்படுத்திய பிறகு மீண்டும் ஒட்டினேன். கழுத்தின் உள்ளே கிடக்கும், திருகி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடின் மேல் பசை வழியாதிருக்க ஒட்டுநாடா போட்டிருந்தேன். அது திரும்பாவிட்டால் கழுத்தைத் திருத்தவே வழியில்லை.

மே 12

உடலின் பள்ளத்தில் கழுத்து கையால் அழுத்தினால் உட்காருமளவு இறுக்கமாக இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுப் பசைகூட இல்லை. கம்பிகளைச் சுருதிக்கு ஏற்றி ஓர் இரவு விட்டுவிட்டு இன்று காலை அளந்தேன்: கழுத்தின் வளைவால் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி 0.4 மி.மீ. டிரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கியதும் 0.25 ஆயிற்று. நாளையும் அளக்க வேண்டும்.